ஆலப்புழையின் பெயரில் ஒரு மலைக்காய்

போடிநாயக்கனூரில் ‘ஏலம்’ என்று தனியே சொன்னால் கேட்பவர் இரு பொருளில் எதையும் கொள்ளலாம். ஒன்று மலையில் விளையும் காய். வடமொழி ‘ஏலா’வுக்கு உறவான சொல். மற்றொன்று விலைகூறி விற்றல். போர்த்துக்கீசியரின் ‘லெய்லாவ்’ தமிழில் இவ்வாறு திரிந்தது என்பர் அகராதியார். பிறப்பால் தொடர்பற்ற இவ்விரு சொற்களும் இவ்வூரின் ஏலக்கூடத்தில் ஒன்றாகிவிட்டன. தாவரவியலாரும் நம் சொல்லுக்குக் கடன்பட்டவர்களே. வான் ரீடின் ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ ‘ஏலத்தரி’ எனக் குறித்த பெயரிலிருந்துதான் 1811இல் ‘எலட்டேரியா’ என்ற பேரினப் பெயர் பிறந்தது.

இத்தனை பெயர்ப்பேறு வாய்த்த காய்க்குச் சட்டம் வழங்கியிருக்கும் பெயரோ ‘ஆலப்புழைப் பச்சை ஏலக்காய்’. ஆலப்புழை கடலோர ஊர். அங்கே ஏலச்செடி வளராது. பின் எப்படி வந்தது இப்பெயர்?

திருவிதாங்கூர் அரசில் ஏலக்காய் அரசின் தனியுரிமைச் சரக்காக இருந்தது. மலையில் விளைந்ததை அரசிடமே ஒப்படைக்க வேண்டும். அது ஆலப்புழைக் கிடங்கில் தரம் பிரிக்கப்பட்டு விற்பனையாகிக் கப்பலேறியது. கடல் கடந்த வணிகர் கண்டது துறைமுகத்தை, மலையை அல்ல. எனவே துறைமுகத்தின் பெயரே காய்க்கும் ஒட்டிக்கொண்டது. (அரேபியாவின் மோக்காத் துறைமுகம் காப்பிக்குப் பெயர் தந்ததும் இப்படித்தான்.) தனியுரிமை ஒழிந்த பின்னும் பெயர் நின்றது. அக்மார்க் தர விதிகளில் காயின் பருமனை வைத்து வகுத்த தரங்களும் ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு’, ‘ஆலப்பி கிரீன் போல்டு’ என்றே வழங்கின.

வணிகமோ நாளடைவில் கிழக்கே சரிந்தது. மதுரையிலிருந்து 1928இல் போடிக்கு இரயில் வந்தது. 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. தோட்டங்கள் மேலேயும் சந்தை கீழேயுமாக எல்லை விழுந்தது. ஆனாலும் காலையில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகளில் மலையேறும் கூலிப் பெண்கள் அன்றும் இன்றும் தமிழர்களே. ஐந்து கிலோ பச்சைக்காய் பறித்தால் உலர்ந்தபின் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். பசுமை கெடாமல் உலர்த்துவதில்தான் விலை இருக்கிறது.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. நறுமணப் பொருள் வாரியத்தின் விண்ணப்பத்தில் 2007-08இல் ஆலப்புழைப் பச்சை ஏலக்காயும் குடகுப் பச்சை ஏலக்காயும் பதிவாயின. பதிவு பத்தாண்டுக்கானது; புதுப்பிக்கலாம்; எவருக்கும் விற்க இயலாது. பெயரைப் பொய்யாகச் சூட்டினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை உண்டு.

கேட்க நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் இச்சட்டம் காப்பது பெயரை, விலையையன்று. நம் காய்க்குப் பெரும்போட்டி குவாத்தமாலா. இருபதாம் நூற்றாண்டில் இங்கிருந்து சென்ற பயிர் அங்கே வேரூன்றி, உற்பத்தியில் நம்மை முந்தியது. அந்நாட்டார் தம் காயைத் தம் பெயரிலேயே மலிவாக விற்றால் நம் சட்டம் அவர்களை ஒன்றும் செய்யாது. மேலும், பதிவுப் பெயரைப் பயன்படுத்த விரும்பும் விவசாயி ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ எனத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். காயை ஏலக்கூடத்தில் ஒப்படைப்பதோடு கடமை முடியும் சிறு விவசாயிக்கு அப்பதிவால் என்ன ஆதாயம் என்று நாம் கேட்காமல் இருக்க முடியவில்லை. அருகிலேயே கம்பம் பன்னீர்த் திராட்சை 2023இல் தன் ஊர்ப்பெயரோடு குறியீடு பெற்றுவிட்டதைப் பார்க்கையில், போடியின் பெயர் எங்கும் இல்லாதது சற்று உறுத்தவே செய்கிறது.

காயின் பெயருக்குக் கிடைத்த காப்பு அதன் நிலத்துக்குக் கிடைத்ததா என்றால் இல்லை. ஏலமலைக் காடு குறித்து 1897இல் திருவிதாங்கூர் வெளியிட்ட அறிவிக்கையின்படி ஒதுக்குக்காட்டின் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பது இன்னும் வழக்கு. ஒரேயோர் ‘2’ முன்னால் நின்றால் தோட்டங்களெல்லாம் காடு. நீங்கினால் வருவாய் நிலம். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கே புதிய பட்டா வழங்க இடைக்காலத் தடை விதித்தது.