கம்பம் பள்ளத்தாக்கின் மலைவழிகள்

மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் காவல் நிற்க, இடையே நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்கள் இதனுள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவற்றின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோயிலையும் பள்ளிவாசலையும் பாளையங்களையும் அணைக்கட்டையும் பற்றி எழுதினர். மலையேறிய ஒற்றையடிப் பாதைகளைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. ஆயினும் இம்மக்களின் பிழைப்பும் உறவும் அப்பாதைகளின் வழியே வளர்ந்தவை என்பது நம் துணிபு.

மலையின் மேல்விளிம்பை இப்பகுதியார் 'மெட்டு' என்பர். கம்பத்திற்கு மேலே கம்பம் மெட்டு. போடிநாயக்கனூருக்கு மேலே போடி மெட்டு. கூடலூருக்கு மேலே குமுளி. இம்மூன்றும் இன்று தார்ச்சாலைகள். தேவாரத்துப் பக்கமிருந்து சாக்கலூத்து மெட்டுக்கு ஏறும் வழியோ நடைவழியாகவே நின்றுவிட்டது. அதனைச் சாலையாக்க வேண்டுமென்னும் கோரிக்கை நெடுநாளையது.

கீழே வயல், மேலே ஏலத்தோட்டம். ஒன்றின் விளைவு மற்றொன்றுக்குத் தேவை. ஆகவே அரிசியும் உப்பும் துணியும் தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் மீதும் மேலேறின. ஏலமும் மிளகும் கீழிறங்கின. இவ்வணிகத்தில் இராவுத்தர் குடும்பங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் போடியிலும் வாழும் நம்மவரின் உறவினர், மலைக்கு அப்பால் குமுளி, வண்டிப்பெரியாறு, காஞ்சிரப்பள்ளி வரையில் பரவியிருப்பதற்கு இவ்வழிகளே காரணம். தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியுள்ள ஞானக்கவி பீர் முகம்மது அப்பா அவர்கள் அம்மலையில் தங்கித் தவமிருந்தார்கள் என்றும், பீர்மேடு என்னும் பெயர் அதனால் வந்தது என்றும் செவிவழிச் செய்தி கூறும்.

'ஷரீஅத்' என்னும் அரபுச் சொல் தொடக்கத்தில் நீர்த்துறைக்குச் செல்லும் வழியைக் குறித்தது என்பர் மொழிநூலார். கம்பம் பள்ளத்தாக்கிலோ மனிதர் ஏறிய மலைமீதிருந்தே நீரும் இறங்கி வந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. பென்னிகுவிக் தலைமையில் 1887இல் தொடங்கிய அணை வேலை 1895இல் நிறைவெய்தியது. மேற்கே ஓடிய பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி வைரவனாற்றில் விழுந்து, வைகையை அடைந்தது. இப்பள்ளத்தாக்கில் இன்று 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளைவதற்கு அதுவே ஆதாரம். பணியாளர் தங்கிய இடம் லோயர் கேம்ப் என்ற பெயரோடு இன்றும் விளங்குகிறது.

போடிக்கு மேற்கே கொட்டகுடி வழிக்கும் ஒரு வரலாறு உண்டு. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தின் வழியே கொட்டகுடிக்கு இறங்கி, போடியை அடைந்தது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1908 முதல் ஓடிய சிறு இரயிலை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அழித்தொழித்தது. இரயில் போயிற்று, மலைச்சரிவில் மனிதர் நடந்த பாதை எஞ்சியது.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. திருவிதாங்கூர் எல்லை முன்பும் இருந்ததே எனினும், இப்போது மொழியும் ஆட்சியும் ஒருங்கே பிரிந்தன. ஆனால் தோட்டவேலை பிரியவில்லை. இன்றும் பள்ளத்தாக்கின் தொழிலாளர், ஆண்களும் பெண்களும், விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து மேலேறி, மாலையில் இறங்குகின்றனர். தாத்தா நடந்த வழியைப் பேரன் அறியான்.

பயன்படாத பாதையைக் காடு மூடிவிடுகிறது. 2018 மார்ச்சு 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் 20 பேருக்கு மேல் மாண்டனர். அதன்பின் கட்டுப்பாடுகள் கடுமையாயின. உயிர்காக்கும் கட்டுப்பாட்டை யாம் குறை கூறோம். ஆயினும் காடும் காக்கப்பட வேண்டும். வழியின் நினைவும் காக்கப்பட வேண்டும். இதற்கு வழியில்லாமல் இல்லை. கூடலூருக்கு மேலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பளியன்குடியிலிருந்து செல்லும் நடைவழி, ஆண்டுக்கொருமுறை சித்திரை முழுநிலவன்று இரு மாநில அதிகாரிகளின் மேற்பார்வையில் திறக்கப்படுகிறது. அவ்வொரு நாள் ஏற்பாடே அவ்வழியை உயிரோடு வைத்துள்ளது.

வழிப்போக்கனை 'இப்னுஸ் ஸபீல்', அதாவது வழியின் மகன், என அழைத்து, ஜகாத்தில் அவனுக்கும் உரிமை வகுத்தது திருக்குர்ஆன். அத்தகைய வழியின் மக்கள் நம் பாட்டன்மார். அவர்கள் எந்த இடத்தில் சுமையிறக்கினர், எச்சுனையில் நீர் பருகினர், எப்பாறையருகே தொழுதனர் என்பன எந்த ஆவணத்திலும் இல்லை. முதியோர் நெஞ்சில் மட்டுமே உள்ளன. கம்பம், உத்தமபாளையம், போடி வட்டாரத்து இளைஞர்கள் தத்தம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, இடப்பெயர்களோடு அவற்றை எழுதி வைத்தல் வேண்டும். ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப்பொழுதும் இதற்குப் போதும். அப்பெரியோர் மறைந்தபின் கேட்பதற்கு ஆளிராது.