சினாப்ஸ்

ஒரு நரம்பு செல் இன்னொன்றுக்குச் சேதி சொல்லும் இடம் சினாப்ஸ். 1897-இல் மைக்கேல் ஃபாஸ்டரின் உடலியங்கியல் பாடநூல் வழியே சார்லஸ் ஷெரிங்டன் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். அவர் முதலில் நினைத்தது 'சின்டெஸ்ம்'. கேம்பிரிட்ஜின் கிரேக்க அறிஞர் வெரால்தான் 'சினாப்ஸ்' பொருந்தும் என்றார்: 'சின்' என்றால் சேர்ந்து, 'ஹாப்டெய்ன்' என்றால் பற்றுதல்.

ஆனால் பெரும்பாலான சினாப்ஸ்களில் இரு செல்களும் ஒட்டுவதே இல்லை. நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி. வேதிப்பொருள்தான் அதைக் கடக்கிறது. இந்த இணைப்பின் வலுவும் மாறக்கூடியது. 1973-இல் வெளியான ஆய்வில் பிளிஸ், லோமோ என்ற இரு ஆய்வாளர்கள், முயல் மூளையில் நினைவுக்கு உதவும் பகுதியான ஹிப்போகேம்பஸுக்குச் செல்லும் நரம்பிழைகளை மின்துடிப்புகளால் விரைந்து தூண்டினர். அதன்பின் அந்த சினாப்ஸ்களின் பதில் பல மணி நேரம் வலுத்தே இருந்தது. எந்த இணைப்பு வலுக்கிறது, எது தளர்கிறது என்பதைப் பொறுத்தே மூளைச் சுற்றில் அடுத்த துடிப்பின் பாதை அமைகிறது. நினைவைப் பற்றிப் படிக்க விரும்புவோர் இங்கிருந்து தொடங்கலாம்.