சொத்து வரி ரசீதில் எந்த ஊர் பெயர் இருக்கிறது? கடலூர், சிதம்பரம் மக்கள் கவனிக்க வேண்டிய விவரம்

கடலூர்,

சொத்து வரி கட்டுகிறவர்களில் பலர் ரசீதில் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து பீரோவில் வைத்து விடுகிறார்கள். ஆனால் எந்த உள்ளாட்சி, எந்த வார்டு, எந்த தெரு என்று அதில் இருக்கும் பெயர்களையும் பார்க்க வேண்டும். அந்த பெயர்களை வைத்துத்தான் தொகையே வருகிறது. இந்த பெயர்களை வைப்பது யார்? பெயர் மாறினால் வரியும் மாறுமா? விவரம் வருமாறு:-

மாவட்டத்தின் பெயர்

பழைய தென்னாற்காடு மாவட்டம் 1993-ம் ஆண்டு இரண்டாக பிரிக்கப்பட்டது. விழுப்புரம் பகுதிக்கு ராமசாமி படையாட்சியார் பெயரும், கடலூர் பகுதிக்கு வள்ளலார் பெயரும் வைக்கப்பட்டன. வள்ளலார் பிறந்த மருதூரும், சத்திய ஞான சபை அமைத்த வடலூரும் இந்த மாவட்டத்தில்தான் உள்ளன.

1997-ல் தென் மாவட்டங்களில் போக்குவரத்து கழகம் ஒன்றுக்கு பெயர் வைத்ததை ஒட்டி சாதி மோதல் வெடித்தது. இதனால் மாவட்டங்கள், போக்குவரத்து கழகங்களில் இருந்த தலைவர்கள் பெயர் அனைத்தையும் அன்றைய கருணாநிதி அரசு நீக்கியது. தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் கடலூர் மாவட்டம் ஆனது.

மாவட்டத்துக்கு பெயர் வைப்பது மாநில அரசு. அது மாறியதால் யாருக்கும் வீட்டு வரி ஒரு ரூபாய் கூட ஏறவில்லை. பழைய பத்திரத்தில் வள்ளலார் மாவட்டம் என்று இருக்கிறதே என பயப்பட வேண்டாம். அந்த பத்திரம் செல்லும். பத்திரத்தில் 'பதிவு மாவட்டம்' என்று இருப்பது பத்திரப்பதிவு துறையின் எல்லை. அதற்கும் சொத்து வரிக்கும் சம்பந்தம் இல்லை.

நகராட்சி மாநகராட்சி ஆனது

1866-ல் தொடங்கிய கடலூர் நகராட்சி 2021-ல் மாநகராட்சி ஆனது. இப்போது 45 வார்டுகள் உள்ளன. சிதம்பரம் 33 வார்டுகளுடன் நகராட்சியாகவே இருக்கிறது.

'மாநகராட்சி ஆகிட்டதால வரி கூடிடுச்சு' என்று கடலூரில் பேசிக்கொள்வது உண்டு. உண்மை என்ன? 2022 ஏப்ரலில் வரி உயர்த்தப்பட்டபோது சென்னை தவிர்த்த மாநகராட்சிகளுக்கும், நகராட்சிகளுக்கும், பேரூராட்சிகளுக்கும் ஒரே சதவீதம்தான். குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் உயர்ந்தது. அரையாண்டுக்கு ரூ.400 கட்டிய 900 சதுர அடி வீட்டுக்கு ரூ.600 வந்திருக்கும். அது கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தாலும் சரி, சிதம்பரத்தில் இருந்தாலும் சரி.

இதற்கு முன்பு 2018-ல் அறிவித்த உயர்வு 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. கூடுதலாக கட்டிய பணத்தை அடுத்து வரும் வரியில் கழித்துக்கொள்ள உத்தரவிடப்பட்டது.

எந்த பெயர் மாறினால் வரி மாறும்?

ஊராட்சி, நகரத்தோடு இணைக்கப்பட்டால் வரி மாறும். ஊராட்சிகளில் வீட்டு வரி 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி வசூலிக்கப்படுகிறது. நகரத்தில் சேர்ந்துவிட்டால் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் பொருந்தும். 1998-ல் நிறைவேறிய இந்த சட்டம் 2023 ஏப்ரல் 13-ல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அடுத்தது வரி மண்டலம். தெருவின் நிலையை பார்த்து ஏ, பி, சி என்று பிரித்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கு போடுகிறார்கள். கடைத்தெருவுக்கு ஒரு ரேட், உள் தெருவுக்கு ஒரு ரேட். உங்கள் தெரு தவறான மண்டலத்தில் ஏறி இருந்தால் ஒவ்வொரு அரையாண்டும் நஷ்டம்தான். மாநகராட்சியின் நிர்வாக மண்டலம் வேறு, இந்த வரி மண்டலம் வேறு. குழப்பிக்கொள்ள கூடாது.

சாதி பெயர் உள்ள தெருக்களுக்கு வேறு பெயர் வைக்க 2025 அக்டோபரில் அரசாணை வந்தது. தெருவுக்கு புது பெயர் வந்தாலும் வரி விதிப்பு எண் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அண்ணாமலை நகர் குழப்பம்

அண்ணாமலை நகரில் வீடு இருப்பவர்கள் ஊர் எது என்று கேட்டால் சிதம்பரம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது தனி பேரூராட்சி. அங்குள்ள வீட்டுக்கு சிதம்பரம் நகராட்சியில் போய் வரி கட்ட முடியாது. இன்டர்நெட்டில் கட்டுபவர்கள் ஊர் பெயரை சரியாக தேர்வு செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வரி மதிப்பீட்டுக்கென்றே தனி மாவட்டங்கள் இருக்கின்றன. சொத்தின் மதிப்பை சொல்வது மட்டும் அவற்றின் வேலை. ரேட்டை முடிவு செய்வது நகராட்சி, பள்ளி நிர்வாகம் போன்றவை. நம்ம ஊரில் அளப்பதும் வசூலிப்பதும் ஒரே அலுவலகம். அதனால் அளவு சரிதானா என்று நாம்தான் விழிப்பாக பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

ரசீதில் உள்ளாட்சி பெயர், வார்டு, தெரு, வரி விதிப்பு எண், சதுர அடி ஆகியவற்றை சரிபாருங்கள். மண்டலம் தெரியவில்லை என்றால் வருவாய் பிரிவில் கேளுங்கள். தவறு இருந்தால் மனு எழுதிக்கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு சீல் போட்டு வாங்குங்கள். அங்கே தீரவில்லை என்றால் மன்றத்தின் வரி மேல்முறையீட்டு குழு இருக்கிறது. நோட்டீசில் உள்ள கெடு தேதியை தவற விட்டு விடாதீர்கள்.

வரி கணக்கு சரியாக இருந்தால் ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டி விடுங்கள். 5 சதவீதம், அதிகபட்சம் ரூ.5 ஆயிரம் வரை ஊக்கத்தொகை உண்டு.