பயிற்றுநரும் செயற்கை நுண்ணறிவும்: மதுரை அரவிந்தில் விழித்திரைப் பரிசோதனை

ஒரு வேலையின் பாதியை எந்திரம் எடுத்துக்கொண்டபின், அந்த வேலையைப் புதியவர்களுக்குக் கற்றுத்தருபவருக்கு என்ன மிஞ்சுகிறது? தமிழகத்தில் இந்தக் கேள்விக்கு நன்கு பதிவான ஓர் எடுத்துக்காட்டு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடக்கும் நீரிழிவு விழித்திரைப் பரிசோதனை. இங்கே நோயின் நிலையைப் படத்தில் பார்த்துச் சொல்வது செயற்கை நுண்ணறிவு. படம் எடுக்கவும் நோயாளியிடம் பேசவும் ஆட்களைப் பழக்குவது இன்னமும் மனிதர்தான்.

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த். பயிற்சிதான் அதன் முதுகெலும்பு. பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, இடைநிலைக் கண் மருத்துவப் பணியாளர்களாக ஆக்குகிறார்கள். நோயாளிகளுக்கு அவர்கள் எல்லோரும் ‘சிஸ்டர்’. கண்ணாடிப் பவர் பார்ப்பது, அறுவை அரங்கில் உதவுவது, நோயாளிக்கு ஆலோசனை சொல்வது என மருத்துவர் நேரடியாகச் செய்யத் தேவையில்லாத பெரும்பாலான வேலைகள் அவர்கள் கையில். மூத்த சிஸ்டர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பதே இந்தப் பயிற்சியின் அடிப்படை. 1992இல் தொடங்கிய அரவிந்தின் லைக்கோ பயிற்சி நிறுவனம் இந்த முறையைப் பிற மருத்துவமனைகளுக்கும் கற்றுத்தருகிறது.

இப்படிப் பழக்கப்பட்ட பணியாளர்களின் தேவை மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களைப் பார்த்தால் புரியும். நகருக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் மலையடிவாரத்தில் இருக்கிறது அழகர்கோவில். அந்தப் பக்கத்து வயல்களிலும் தோப்புகளிலும் கூலிவேலை செய்பவர் டவுனுக்கு வந்து கண்ணைக் காட்டிப்போனால் ஒரு நாள் கூலி போச்சு. சுகரால் விழித்திரை கெடும்போது முதலில் வலியும் இல்லை, மங்கலும் இல்லை. தொந்தரவே இல்லாத கண்ணைக் காட்ட யார் கூலியை விடுவார்கள்? இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வு கணித்தது. அத்தனை பேரின் விழித்திரையையும் ஆண்டுக்கொரு முறை பார்க்க மருத்துவர்கள் போதமாட்டார்கள். அரவிந்தின் கிராமப்புறப் பார்வை மையங்களில் பயிற்சி பெற்ற பணியாளரே சோதிக்கிறார். மருத்துவர் மருத்துவமனையிலிருந்து திரைவழியே பேசுகிறார். தேனிப் பகுதியில் இதற்கான நெடுந்தூர வைஃபை இணைப்பை அமைக்கக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு உதவியது.

படத்தைப் பார்த்துச் சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டது கூகுளின் விழித்திரை மென்பொருள். அதைப் பற்றிய முதல் பெரிய ஆய்வு 2016இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்தது. அதைப் பழக்கிய 1,28,175 படங்களில் அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற இந்திய மருத்துவமனைகளின் படங்களும் இருந்தன. ஒவ்வொரு படத்தையும் 54 பேர் கொண்ட கண் மருத்துவர் குழுவில் மூன்று முதல் ஏழு பேர் தனித்தனியே தரம்பிரித்தார்கள். ஒரே படத்துக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு தீர்ப்பு சொல்வது சகஜம் என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஆக, எந்திரத்துக்கும் 54 வாத்தியார்கள். 2019இல் அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் நடத்திய ஒப்பீட்டின் முடிவு வெளியானது. மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியவர்களை மென்பொருள் அரவிந்தில் 88.9 சதவீதமும் சங்கர நேத்ராலயாவில் 92.1 சதவீதமும் சரியாகக் கண்டுபிடித்தது. தனித்தனியாகப் படம் பார்த்த மனிதர்களின் அளவு 73.4 முதல் 89.8 வரை இருந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், இந்த மென்பொருள் ஆய்வைத் தாண்டி அன்றாடச் சிகிச்சையில் முதலில் பயன்படுவது மதுரை அரவிந்தில்தான் என்று அறிவிக்கப்பட்டது.

இந்த எண்களை மட்டும் பார்ப்பவர் பயிற்றுநருக்கு இனி வேலையில்லை என்று நினைக்கலாம். கேமராவின் முன்னால் உட்கார்ந்து பார்த்தால் அப்படித் தோன்றாது. தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையோடு ஒட்டி, உள்ளே தெரியும் விளக்கையே பார்க்கச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் ‘ஃபிளாஷ்’ அடிக்கும் நொடியில் கண்ணைச் சிமிட்டுவார்கள், அல்லது தாடையை விலக்கிவிட்டு “எடுத்தாச்சாம்மா?” என்பார்கள். இமை தொங்கினால் விரலால் மெல்லத் தூக்கிப்பிடிக்க வேண்டும். கண்பாப்பா சிறுத்திருந்தால் படத்தின் ஓரம் இருட்டாக விழும்; கண்புரை இருந்தால் முழுப்படமும் பனிமூட்டம். மங்கலான படம் கேமராவின் கோளாறா, கையின் கோளாறா, கண்ணின் கோளாறா என்று பிரித்தறிவது பக்கத்தில் ஒருவர் நின்று காட்டிக்கொடுத்தே வருகிறது. புத்தகத்தில் படித்து இது வந்ததாகத் தெரியவில்லை.

தாய்லாந்து இதற்குச் சாட்சி. அங்கே 11 மருத்துவ நிலையங்களில் இதே மென்பொருளைச் செவிலியர்கள் பயன்படுத்தியதைக் கூகுள் ஆய்வாளர்களே 2020இல் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். முதல் ஆறு மாதங்களில் அனுப்பிய 1,838 படங்களில் 21 சதவீதத்தை ‘தரம் போதாது’ என்று மென்பொருள் தள்ளிவிட்டது. அறையில் வெளிச்சம் கூடுதல், இணைய வேகம் குறைவு. நன்றாக இருக்கும் கண்ணையும் எந்திரம் ஏற்காததால் நோயாளியைத் தொலைதூர மருத்துவமனைக்கு அனுப்ப நேர்ந்தது. அறையை இருட்டாக்கு, மறுபடி எடு, இத்தனை முறைக்குமேல் முயலாதே என்றெல்லாம் அந்த அறையை அறிந்த ஒருவர்தான் சொல்லித்தர முடியும்.

கற்றுக்கொள்பவரின் கண் சோம்பிப்போவது இன்னொரு கவலை. எந்திரத்தின் முடிவு திரையில் முதலில் வந்துவிட்டால், படத்தில் இருக்கும் சின்னச் சிவப்புப் புள்ளியையும் மஞ்சள் படிவையும் தேடிப் பார்க்கப் புதியவர் பழகவே மாட்டார். முதலில் தானே தரம்பிரித்து எழுதிவிட்டு, பிறகு எந்திரத்தின் விடையைத் திறந்து பார்ப்பது இதற்கு எளிய மருந்து. இரண்டும் மாறுபடும் படங்கள்தான் வகுப்பில் உட்கார்ந்து பேசத் தகுந்தவை. இரண்டும் ஒத்துப்போகும் படங்களில் நேரம் செலவிடுவது வீண்.

அரவிந்தின் உற்பத்திப் பிரிவான ஆரோலேப் உள்ளிட்ட கூட்டாளிகள் மூலம் இந்தியாவிலும் தாய்லாந்திலும் பத்தாண்டுகளில் 60 லட்சம் பரிசோதனைகளைக் கட்டணமின்றிச் செய்யப்போவதாகக் கூகுள் 2024இல் அறிவித்தது. மையங்கள் பெருகப் பெருக, ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்’ என்று சொல்ல வேண்டிய நேரங்களும் பெருகும். பயந்துவிடாமலும் அலட்சியப்படுத்தாமலும் நோயாளி பஸ் ஏறும்படி அதைச் சொல்வதற்கு இன்னும் சிஸ்டர்களைத்தான் பழக்க வேண்டியிருக்கிறது. சுகர் பாதிப்பைத் தேடும் மென்பொருள் அதை மட்டுமே தேடும். கண் நீர் அழுத்த நோயோ லேசான கண்புரையோ இருந்தாலும் அது ‘பாதிப்பு இல்லை’ என்றே காட்டக்கூடும். அதனால் திரையில் அப்படி வந்தபின்னும் டார்ச் அடித்துப் பார்ப்பதையும் கண் அழுத்தம் அளப்பதையும் விடக்கூடாது என்பது பயிற்சியில் முதல் வாரத்திலேயே இடம்பெற வேண்டிய பாடம்.