புது வயலினில் நாதம் எங்கே ஒளிந்திருக்கிறது?

புது வயலின் ஒண்டை வாங்கி முதல்நாள் வில்லை இழுத்தால், தகரத்தில ஆணி கீறின மாதிரி ஒரு சத்தம் வரும். பக்கத்தில் நிற்கிற பெரியவர் யாராவது உடனே சொல்லுவார்: "பழைய வயலின் எண்டால்தான் தம்பி நாதம்." இந்த நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

இத்தாலியின் கிரெமோனா நகரில் வயலின் செய்த அந்தோனியோ ஸ்ராடிவாரி 1737இல் இறந்தார். இன்றைக்கு அவர் பெயர்தான் உச்சம். ஆனால் 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அவரைவிடக் கூடுதலாக மதிக்கப்பட்டவர் ரிரோல் பகுதியின் யாக்கோப் ஸ்ரைனர். அவருடைய வயலின்களின் மேற்பலகை நன்றாக வளைந்து எழும்பியிருக்கும். சின்ன மண்டபங்களுக்கு ஏற்ற இனிமையான ஒலி. பிறகு மண்டபங்கள் பெரிசாகின. கடைசி வரிசை வரைக்கும் போகிற சத்தம் தேவைப்பட்டது. ஸ்ராடிவாரியின் தட்டையான பலகைகள் அதற்குப் பொருந்தின. 1780களில் வியோத்தி என்ற கலைஞர் பாரிஸில் வாசித்து அவற்றுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் அப்போதும் அந்த வயலின்கள் அப்படியே விடப்படவில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் கைவினைஞர்கள் அவற்றைத் திறந்தார்கள். கழுத்தை நீட்டிப் பின்பக்கம் சாய்த்தார்கள். உள்ளே ஒட்டியிருந்த தாங்குசட்டத்தைப் பலமானதாக மாற்றினார்கள். பிறகு நரம்புத் தந்திகள் போய் உலோகத் தந்திகளும் வந்தன. ஆக, இன்று மேடையில் கேட்கும் "பழைய" நாதம் ஸ்ராடிவாரியின் காதுக்கு எட்டிய நாதம் இல்லை.

2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஒரு சோதனை நடந்தது. மங்கல் வெளிச்சமுள்ள ஹோட்டல் அறை. 21 வயலின் கலைஞர்கள், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பழைய மரத்தின் மணம் காட்டிக்கொடுக்காமல் இருக்க நாடி வைக்கும் இடத்தில் ஒரு சொட்டு வாசனைத் திரவியம். மூன்று புது வயலின்கள், இரண்டு ஸ்ராடிவாரி, ஒரு குவார்னேரி. ஆகக் கூடுதலானோர் விரும்பியது ஒரு புது வயலினை; ஆகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ராடிவாரி! 2012இல் பாரிஸில் பத்துத் தனிக் கலைஞர்களை வைத்துச் செய்த சோதனையிலும் ஆறு பேர் புதியதையே தெரிவுசெய்தார்கள்.

அப்ப அந்தத் தகரச் சத்தம் ஏன்? வயலினுக்குள்ளே, குதிரையின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால், ஒரு சின்ன மரக்குச்சி நிற்கிறது. பசை இல்லை, தந்திகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் அதை "ஆன்மா" என்றே அழைக்கிறார்கள். அது கொஞ்சம் நகர்ந்தாலே ஒலி மாறிவிடும். மலிவான புது வயலின்களில் பெரும்பாலும் இந்தக் குச்சி சரியாகப் பொருந்தியிருக்காது, குதிரை தடிப்பாக இருக்கும், தந்திகளும் தரமில்லை. குதிரையைச் செதுக்கி, குச்சியைச் சரியான இடத்தில நிறுத்தி, நல்ல தந்தி போட்டு, வில்லுக்கு அளவாக ரொசின் பூசினால், அதே வயலின் வேறு குரலில் பேசும்.

ஸ்ராடிவாரியின் வயலினும் ஒருநாள் புதுசாகத்தான் இருந்தது. அதையும் பலர் திறந்து, திருத்தி, வாசித்துத்தான் இந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். உங்கட வயலினை மூலையில் வைக்கமுதல், அதன் ஆன்மா எங்கே நிற்குது எண்டு ஒருக்கால் பாருங்கோ.