15 புள்ளி, 8-ல் நிறுத்து

அம்மாவிடம் ஒரு பழைய கோல நோட்டு இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தின் தலையில் இப்படி எழுதியிருக்கும்: "15 புள்ளி, இடுக்குப்புள்ளி, 8-ல் நிறுத்தவும்." நடுவரிசையில் 15. மேலேயும் கீழேயும் ஒவ்வொன்றாகக் குறைந்து 14, 13 என்று 8 வரை. கூட்டிப் பாருங்கள், மொத்தம் 169 புள்ளி வரும். அத்தனைக்கும் அம்மா செலவழித்தது ஒரே ஒரு வரி.

கல்லூரியில் ஆட்டோமேட்டா தியரி படித்தபோது இந்த நோட்டு எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. வட்டம், அம்பு, இன்னொரு வட்டம் என்று வரைந்து பரீட்சை எழுதினேன். சாம்ஸ்கி, க்ளீனி, ராபின், ஸ்காட் என்று பெயர்கள் வரும். எல்லாம் எங்கேயோ தூரத்தில் நடந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். அதே துறையில் தாம்பரத்தில் உட்கார்ந்து ஒருவர் வேலை செய்திருக்கிறார் என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. சென்னை கிறித்துவக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணி.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி என்ன? 1950-களில் சாம்ஸ்கி வகுத்த இலக்கணங்கள் சரங்களுக்கானவை. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடமிருந்து வலமாக ஒரே கோட்டில் நிற்கும். ஆட்டோமேட்டனும் அப்படித்தான் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டு போகும். ஆனால் படத்துக்கு அகலமும் உண்டு, உயரமும் உண்டு. படத்துக்கு இலக்கணம் எழுதுவது எப்படி?

1972-இல் ராணி, அவருடைய கணவர் கிஃப்ட் சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் ஒரு வழி சொன்னார்கள். முதலில் சாதாரண இலக்கணத்தை வைத்து ஒரு கிடைவரிசையை உருவாக்கு. பிறகு அந்த வரிசையின் ஒவ்வொரு குறியீடும் ஒரே நேரத்தில், படிப்படியாகக் கீழே இறங்கி ஒரு நிரலாக வளரட்டும். தறியில் பாவு நூல்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். இதுதான் மேட்ரிக்ஸ் இலக்கணம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லா அளவிலும் சதுரங்களை மட்டும் தரும் இலக்கணத்தை இந்த முறையில் எழுதவே முடியாது. ஏனென்றால் நிரல்கள் கீழே இறங்க ஆரம்பிக்கும்போது அகலம் எத்தனை என்பது அவற்றுக்குத் தெரியாது. கிடைவரிசையில் வரக்கூடிய குறியீடுகளின் வகைகளோ சில மட்டுமே. ஆகவே 10 அகலமுள்ள வரிசையும் 1000 அகலமுள்ள வரிசையும் ஒரே வகைக் குறியீடுகளால் ஆனவையாக இருக்கலாம். அப்படியானால் 1000-க்கு இறங்குகிற உயரத்துக்கு 10-உம் இறங்கிவிடும். எண்கள் மாறலாம், ஆனால் இப்படி ஒரு ஜோடி எங்கேயாவது மாட்டியே தீரும். சதுரம் போய்ச்சு!

அடுத்து வந்த வரிசை இலக்கணங்களில் இதற்கு வழி இருந்தது. ஏற்கெனவே இருக்கும் படத்தோடு பக்கத்தில் ஒரு நிரல், கீழே ஒரு வரிசை என்று மாற்றி மாற்றி ஒட்டலாம். ஒட்டப்படும் துண்டு படத்தின் அப்போதைய அளவுக்குப் பொருந்தியாக வேண்டும். இப்போது அகலமும் உயரமும் கைகோத்து வளரும். 1974-இல் மூவரும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே கோலம் என்ற சொல் வந்துவிட்டது. இன்றும் ஆய்வாளர்கள் அந்த இலக்கணத்துக்குக் கோலத்தின் பெயரைச் சேர்த்தே சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் எச்சரிக்கை தேவை. "கம்ப்யூட்டர் சயின்ஸை நம் பாட்டிகள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று வாட்ஸப்பில் வரும். அப்படிச் சொன்னால் இரண்டு பக்கமும் அநியாயம். கோலம் போடுகிறவர் தேற்றம் நிரூபிக்கவில்லை, அவருக்கு அது தேவையும் இல்லை. எந்த விதி எதை உருவாக்கும், எதை உருவாக்கவே முடியாது என்று நிறுவியது ராணியும் அவரோடு உழைத்தவர்களும். அந்த உழைப்பைப் பாட்டியின் பெயரில் கரைத்துவிடக் கூடாது. அதேசமயம் வாசலில் இருப்பது ஆராயத் தகுந்த விஷயம் என்று அவர்களுக்குத் தோன்றியதே, அது எனக்குத் தோன்றவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கிஃப்ட் சிரோமணி 1988-இல் காலமானார். ராணி அதன்பிறகும் நெடுங்காலம் வேலை செய்தார். ஃபார்மல் மொழிகளை வைத்து ரகசியக் குறியீடு அமைப்பது, டிஎன்ஏ கணிப்பு என்று அவருடைய ஆர்வம் விரிந்துகொண்டே போனது. 2019-இல் மறைந்தார்.

இதையெல்லாம் படித்த பிறகு அம்மாவிடம் கேட்டேன்: "இந்தக் கோலத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடணும்னா என்னம்மா பண்ணுவே?"

"சுத்திலும் ஒரு வரிசை கூட்டிக்கோ. 17 வெச்சு 9-ல நிறுத்து. இதுல என்ன கேள்வி?"

போட்டுப் பார்த்தேன். 217 புள்ளி. நடு இரண்டு கூடினால் ஓரம் ஒன்று கூட வேண்டும். நோட்டில் அது எங்கேயும் எழுதியிருக்கவில்லை.