எடைத்தட்டிலிருந்து எக்ஸ்ரேக்கு: கடல் ஓடுகளின் தடிமனை அளந்த வரலாறு

1872 டிசம்பரில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய எச்.எம்.எஸ். சேலஞ்சர் கப்பல், 1876 மே மாதம் நாடு திரும்பியது. கடலடிச் சேறும் வலையில் அரித்தெடுத்த மிதவையுயிர்களும் புட்டி புட்டியாக அதில் வந்து இறங்கின. சேகரித்தவர்களுக்குப் பருவநிலை மாற்றம் என்ற கவலை கிடையாது. அவர்கள் தீர்க்க நினைத்த வழக்கு வேறு. கடலடிச் சேற்றில் கொட்டிக் கிடக்கும் குளோபிஜெரினா ஓடுகளைக் கட்டிய உயிர் அடியில் வாழ்ந்ததா, மேல்நீரில் வாழ்ந்ததா? பயணத்தின் அறிவியல் தலைவர் வைவில் தாம்சன், அடியில்தான் என்று நம்பியிருந்தார். அவரைவிட இளையவரான ஜான் மர்ரே மேல்நீரில் வலையிழுத்து அந்த உயிரியையே பிடித்துக் காட்டினார். தாம்சன் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அந்த வாதம் எழாமல் இருந்திருந்தால் சேலஞ்சரின் மேல்நீர்ச் சேகரிப்பு இவ்வளவு கவனம் பெற்றிருக்குமா என்பது சந்தேகமே.

ஃபொராமினிஃபெரா எனப்படும் இந்த ஒருசெல் உயிரிகளில் மிதவை வகைகளின் ஓடு பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. சேலஞ்சர் கொண்டுவந்தவற்றை ஹென்றி பௌமன் பிரேடி ஆராய்ந்து, 115 படத்தகடுகளுடன் 1884இல் வெளியிட்டார். இன்றும் புரட்டப்படும் நூல் அது. ஆனால் அந்தத் தலைமுறையின் கேள்வி வடிவத்தைப் பற்றியது: எத்தனை அறை, வாய் எந்தப் பக்கம், துளைகள் எப்படி. சுவரின் தடிமனை அறிய ஓட்டை உடைக்கவோ தேய்க்கவோ வேண்டும். உடைத்தபின் மாதிரி இல்லை.

தடிமன் முக்கியமான கேள்வியானது மிகப் பிந்தித்தான். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. அதில் ஒரு பகுதியைக் கடல் உறிஞ்சுகிறது. மேல்நீரின் பி.எச். அளவு சுமார் 8.2இலிருந்து 8.1க்கு இறங்கியிருக்கிறது. கேட்கச் சிறிய எண்தான். ஆனால் பி.எச். மடக்கை அளவு என்பதால், ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கும் மேல் கூடிவிட்டன என்று பொருள். அவை ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அயனிகளைப் பிடித்துக்கொள்கின்றன.

ஆய்வாளர்கள் முதலில் எடுத்த கருவி தராசு. ஒரே அளவுள்ள ஓடுகளைச் சலித்தெடுத்து எடை போடும் முறை அது. 2009இல் மோய் குழுவினர் தென்பெருங்கடலில் குளோபிஜெரினா புல்லாய்டிஸ் ஓடுகளை அப்படி எடைபோட்டார்கள். தற்கால ஓடுகள், தொழிற்புரட்சிக்கு முந்தைய ஹோலோசீன் காலப் படிவில் கிடைத்தவற்றைவிட 30 முதல் 35 சதவீதம் எடை குறைந்திருந்தன. வலுவான முடிவுதான். இருந்தாலும், குறைந்த எடை எந்த அறையில் குறைந்தது, கட்டும்போதே குறைந்ததா கட்டியபின் கரைந்ததா என்று தராசு சொல்லாது.

அதைச் சொல்லக்கூடிய கருவி மருத்துவமனையிலிருந்து வந்தது. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேனர் 1971இல் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. அதே முறையை நுண்பொருள்களுக்குக் கொண்டுவந்தவர் ஜிம் எலியட். 1982இல் அவரும் டோவரும் வெளியிட்ட முதல் நுண்துண்டுப் படங்கள் எதனுடையவை தெரியுமா? வெப்பமண்டலத்துச் சிறு நத்தை ஒன்றின் ஓடு! மைக்ரோ சி.டி. பிறந்ததே ஓட்டைப் பார்த்துக்கொண்டுதான் என்பது இத்துறையில் அதிகம் பேசப்படாத செய்தி.

செயல்முறை எளிது. ஓட்டை ஒரு சுழல்மேடையில் நிறுத்தி, சிறிது சிறிதாகத் திருப்பி, நூற்றுக்கணக்கான எக்ஸ்ரே படங்கள் எடுக்கப்படுகின்றன. கணினி அவற்றைச் சேர்த்து முப்பரிமாணக் கட்டங்களாக அடுக்குகிறது. பிறகு எந்த அறையின் சுவரையும் திரையிலேயே வெட்டி அளக்கலாம். ஓடு ஒரு கீறலும் படாமல் பெட்டிக்குத் திரும்பும். அருங்காட்சியகக் காப்பாளர்கள் பழைய மாதிரிகளைத் தரச் சம்மதிப்பதற்கு இதுவே காரணம்.

முதல் பலன் கரைதலைப் பற்றியது. 2010இல் ஜான்ஸ்டோன் குழுவும் 2015இல் ஜப்பானின் இவாசாகி குழுவும் ஓடுகளை ஸ்கேன் செய்து பார்த்ததில், வெளியே முழுதாகத் தெரிந்த ஓடுகள் உள்ளே அரிக்கப்பட்டிருந்தன. செல்லரித்த மரத்தைப் போல, மேல்தோல் நிற்க உட்சுவர் முதலில் போகிறது. மேற்பரப்பை மட்டும் காட்டும் எலெக்ட்ரான் நுண்ணோக்கி இதைத் தவறவிட்டதில் வியப்பில்லை.

2020இல் சேலஞ்சர் புட்டிகளின் முறை வந்தது. லிண்ட்சி ஃபாக்ஸ் குழுவினர், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த பசிபிக் மாதிரிகளை, 2009–2016இல் ‘தாரா’ கப்பல் சேகரித்தவற்றோடு ஒப்பிட்டார்கள். தற்கால ஓடுகள் எல்லாமே மெலிந்திருந்தன. நியோகுளோபோகுவாட்ரினா டூட்டர்ட்ரெய் என்ற இனத்தில் வித்தியாசம் 76 சதவீதம் வரை போனது. சில ஓடுகளின் சுவர் படத்தில் பதியவே முடியாத அளவுக்கு மெல்லியதாக இருந்தது.

இங்கே ஒரு ஐயம் எழலாம்: நூற்றைம்பது ஆண்டு புட்டியில் கிடந்ததால் வந்த மாற்றமா? பாதுகாப்புத் திரவம் அமிலமாகி ஓட்டைக் கரைப்பது உண்டு. ஆனால் அப்படிக் கரைந்திருந்தால் பழைய ஓடுகள் அல்லவா மெலிந்திருக்க வேண்டும்? அந்த வாதம் எடுபடாது.

எடுபடக்கூடிய ஆட்சேபம் வேறொன்று. இந்த உயிரி ஒவ்வொரு புதிய அறையைக் கட்டும்போதும் பழைய அறைகளின்மேல் இன்னொரு பூச்சு பூசுகிறது. வளர்ந்தபின் ஆழத்துக்கு இறங்கித் தடித்த மேலோடு ஒன்றையும் சேர்க்கிறது. டூட்டர்ட்ரெய் அப்படிச் செய்யும் இனம். ஆகவே, வலை எந்த ஆழத்துக்குப் போனது, பிடிபட்டது எந்த வயது என்பதைப் பொறுத்தே தடிமன் பெருமளவு மாறிவிடும். ஃபாக்ஸ் குழுவின் மாதிரி எண்ணிக்கையும் பெரிதல்ல. மெலிவு நடந்திருக்கிறது என்பதை நான் ஏற்கிறேன். 76 என்ற எண்ணை மட்டும் பிய்த்தெடுத்துத் தலைப்புச் செய்தியாக்குவதைத்தான் ஏற்க இயலவில்லை.

கடல் வண்ணத்துப்பூச்சி என்று செல்லமாக அழைக்கப்படும் டெரோபாட் நத்தைகளின் வழக்கு இன்னும் சிக்கலானது. அவற்றின் ஓடு, ஃபொராமினிஃபெரா ஓடுகளின் கால்சைட்டைவிட எளிதில் கரையும் அரகோனைட்டால் ஆனது. 2012இல் பெட்னார்ஷெக் குழுவினர் தென்பெருங்கடலில் உயிருள்ள டெரோபாட்களின் ஓடு அரிக்கப்பட்டிருப்பதைக் காட்டினார்கள். விக்கி பெக் குழுவினர் மறுத்தார்கள். வெளியே கரிமப் படலம் ஒன்று காக்கிறது, அது கிழிந்த இடத்தில் விலங்கு உட்புறமாகப் புதுச் சுவர் பூசிக்கொள்கிறது என்பது அவர்கள் வாதம். 2018இல் மைக்ரோ சி.டி. படங்களில், சேதமடைந்த இடத்துக்கு நேர் உள்ளே தடித்திருந்த ஒட்டுகளைக் காட்டினார்கள். அதாவது, ஒரே ஓட்டில் மெலிவும் தடிப்பும் அருகருகே இருக்கலாம். சராசரித் தடிமன் என்ற ஒற்றை எண் இரண்டையும் விழுங்கிவிடும்.

2021இல் மெக்கெஸ் குழுவினர் வட அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிச் செய்த ஆய்வு இந்தச் சிக்கலைக் கணக்கில் கொண்டது. அங்கே ஆழத்திலிருந்து அமிலம் மிகுந்த நீர் பொங்கி மேலெழும் இடங்களில் பிடித்த லிமாசினா ஹெலிசினா என்ற டெரோபாட் இனத்தின் ஓடுகள், திறந்த கடலில் பிடித்தவற்றைவிட சுமார் 37 சதவீதம் மெலிந்திருந்தன. மரபணுவைப் பார்த்ததில் இரண்டும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. எனவே வேற்றினம் என்று தள்ளிவிட வழியில்லை. காலத்தால் விலகிய இரண்டு சேகரிப்புகளை ஒப்பிடுவதைவிட, ஒரே பருவத்தில் ஒரே கரையில் நீரின் வேதியியல் வேறுபடும் இடங்களை ஒப்பிடும் இந்த ஏற்பாடு காரணத்தை நெருங்கிக் காட்டுகிறது. சேலஞ்சர் மாதிரிகளையும் இதே கண்டிப்போடு, இனம், ஓட்டின் அளவு, அறை வரிசை மூன்றையும் பொருத்தி மறுபடி ஸ்கேன் செய்வதற்குத் தடை எதுவுமில்லை. முதல் ஸ்கேனில் ஓடுகள் சேதமாகவில்லையே.